அளந்து சொல்கிறேன்: வாசகர் கேள்வி பதில்

தமிழில் 'அளக்கிறான்' என்றால் இரண்டு அர்த்தம். வெப்பமானிகளைச் சரிபார்க்கும் ஆய்வுக்கூடத்தில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். ஆனாலும் என் வீட்டில் அந்தச் சொல்லை இரண்டாவது அர்த்தத்தில்தான் பயன்படுத்துகிறார்கள். போன இதழில் காய்ச்சலைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். விளைவு, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிகிரி கணக்கு. சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும்.

கேள்வி: என் மகனுக்குக் காய்ச்சல். எப்போதும் 101, 102 என்று காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் நேற்று இரவு 38.9 என்று காட்டியது. கருவி கெட்டுவிட்டதா, காய்ச்சல் இறங்கிவிட்டதா? நெற்றி கொதிக்கிறதே! (ஒரு தாய்)

பதில்: கருவியும் கெடவில்லை, காய்ச்சலும் இறங்கவில்லை. 38.9 செல்சியஸும் 102 ஃபாரன்ஹீட்டும் ஒன்றேதான். கருவி பாஷையை மாற்றிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். பல டிஜிட்டல் தெர்மாமீட்டர்களில் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாலே ஒரு அளவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் எந்த அளவு என்று போட்டிருக்கும். தூக்கக் கலக்கத்தில் அது யார் கண்ணுக்குத் தெரியும்? அடுத்த முறை எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த எழுத்தைப் பாருங்கள். மருந்து, மாத்திரையெல்லாம் மருத்துவர் விஷயம். நான் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இரவு இரண்டு மணிக்குச் செல்போனைத் தேடாமல் மாற்ற ஒரு மனக்கணக்கு இருக்கிறது. செல்சியஸை இரட்டிப்பாக்குங்கள். வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 32 கூட்டுங்கள். உங்கள் மகனின் 38.9 இரட்டித்தால் 77.8. அதில் பத்தில் ஒன்று 7.78, கழித்தால் 70.02. அதோடு 32 சேர்த்தால் 102.02. இது உத்தேசக் கணக்கு இல்லை, பாடப் புத்தகச் சூத்திரமேதான். இரண்டிலிருந்து அதில் பத்தில் ஒரு பங்கு போனால் 1.8, ஒன்பதின் கீழ் ஐந்தும் 1.8.

'இரண்டால் பெருக்கி 30 கூட்டு, போதும்' என்று சொல்லித் தருகிறவர்கள் உண்டு. வெளியே வெயில் எப்படி என்று தெரிந்துகொள்ள அது போதும். காய்ச்சலுக்கு ஆகாது. 38.9க்கு அந்தக் கணக்கைப் போட்டால் 107.8 வரும், வீட்டில் ஒருவர் மயக்கம் போட்டு விழுவார்.

கணக்கே வேண்டாம் என்றால் நான்கு ஜோடிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 37க்கு 98.6, 38க்கு 100.4, 39க்கு 102.2, 40க்கு 104.

கேள்வி: செல்சியஸில் தண்ணீர் 0வில் உறைகிறது, 100இல் கொதிக்கிறது. அழகாக இருக்கிறது. ஃபாரன்ஹீட்டில் மட்டும் ஏன் 32, 212 என்று கோணல்மாணலாக? அந்த மனிதருக்குக் கணக்கு வராதா? (கல்லூரி மாணவர்)

பதில்: கணக்கு நன்றாகவே வந்தது. வந்ததால்தான் 32.

எந்த வெப்பநிலை அளவுகோலிலும் அதைச் செய்தவர் இரண்டே இரண்டு முடிவுகள் எடுத்திருப்பார். பூஜ்யத்தை எங்கே வைப்பது, ஒரு படி எவ்வளவு பெரியது. இந்த இரண்டும் தன்னிஷ்டம். இயற்கை எதையும் கட்டாயப்படுத்தவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு கதையைக் கேளுங்கள்.

டென்மார்க்கில் ஓலே ரோமர் என்று ஒரு வானியல் அறிஞர் இருந்தார். ஒளிக்கும் வேகம் உண்டு என்று வியாழனின் துணைக்கோளை வைத்துக் காட்டியவர் அவர்தான். வெப்பத்தை அளக்கவும் ஒரு அளவுகோல் வைத்திருந்தார். அதில் தண்ணீர் கொதிப்பது 60, உறைவது ஏழரை. 1708இல் டேனியல் காப்ரியேல் ஃபாரன்ஹீட் என்ற இளைஞர் அவரைப் போய்ப் பார்த்தார். அப்போது ஃபாரன்ஹீட்டுக்கு 22 வயது. அந்த ஏழரை அவருக்குப் பிடிக்கவில்லை. (ஏழரை யாருக்குத்தான் பிடிக்கும்?) பின்னங்களை ஒழிப்பதற்காக எல்லாவற்றையும் நான்கால் பெருக்கினார். ஏழரை 30 ஆயிற்று; உடல் வெப்பமாக இருந்த இருபத்திரண்டரை 90 ஆயிற்று.

அதோடு விட்டாரா? பிறகு 30ஐ 32 ஆகவும் 90ஐ 96 ஆகவும் நகர்த்தினார். இரண்டுக்கும் இடையே 64. கண்ணாடிக் குழாயில் கோடு போடுகிறவனைக் கேட்டால் 64இன் அருமை தெரியும். கவராயத்தை வைத்து இடைவெளியைப் பாதியாக்கு, அந்தப் பாதியைப் பாதியாக்கு, இப்படி ஆறே முறை செய்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் கோடு விழுந்துவிடும். 100 பாகமாகப் பிரித்துப் பாருங்கள், இரண்டு முறை பாதியாக்கியதும் 25இல் வந்து முட்டி நிற்பீர்கள். நான் சேர்ந்த புதிதில் எங்கள் கூடத்தில் கையால் கோடு போட்ட ஒரு பழைய குழாய் இருந்தது. அதன் நூறு கோடுகளை உருப்பெருக்கியில் பார்த்தால் சில இடங்களில் நெருங்கியும் சில இடங்களில் விலகியும் தெரியும். அன்றிலிருந்து ஃபாரன்ஹீட்டை நான் கிண்டல் செய்வதில்லை.

அவர் வைத்த பூஜ்யம் எது என்று கேட்பீர்கள். பனிக்கட்டி, தண்ணீர், நவச்சாரம் என்ற உப்பு மூன்றும் கலந்த கலவையின் குளிர். 1724இல் இதையெல்லாம் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். 1736இல் அவர் இறந்த பிறகு, தண்ணீர் கொதிக்கும் புள்ளியை 212 என்று உறுதியாக நிறுத்தி அளவுகோலைச் சற்றுச் சரிசெய்தார்கள். உறைவதற்கும் கொதிப்பதற்கும் நடுவே சரியாக 180 படி. செல்சியஸில் அதே தூரம் 100 படி. 180க்கு 100, சுருக்கினால் 9க்கு 5. நீங்கள் பள்ளியில் உருப்போட்ட பின்னம் இதுதான்.

கேள்வி: மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நானே தடுமாறுகிறேன். முதலில் பெருக்கிவிட்டு 32 கூட்டுவதா, 32 கழித்துவிட்டுப் பெருக்குவதா? எப்போது 9இன் கீழ் 5, எப்போது 5இன் கீழ் 9? (ஆசிரியை)

பதில்: 32ஐ விட்டுவிடுங்கள், 40ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் போனாலும் முதலில் 40 கூட்டுங்கள், கடைசியில் 40 கழியுங்கள். நடுவில் மட்டும்தான் வித்தியாசம். ஃபாரன்ஹீட்டின் எண் பெரிதாக வரும், அதனால் அங்கே போகும்போது 1.8ஆல் பெருக்கல்; திரும்பி வரும்போது 1.8ஆல் வகுத்தல்.

25 செல்சியஸ்: 40 கூட்டினால் 65, 1.8ஆல் பெருக்கினால் 117, 40 கழித்தால் 77. திரும்பி வாருங்கள்: 77உடன் 40 சேர்த்தால் 117, 1.8ஆல் வகுத்தால் 65, 40 போனால் 25. இரண்டு அளவுகோல்களும் சந்திக்கும் ஒரே இடம் கழித்தல் 40. அங்கே செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணைக் காட்டும். 40 கூட்டுவது என்பது அந்தச் சந்திப்பிலிருந்து தூரத்தை அளக்கத் தொடங்குவதுதான்.

மாணவர்களைக் கொஞ்சம் குஷிப்படுத்த வேண்டுமா? 16 செல்சியஸுக்கு 61 ஃபாரன்ஹீட், 28க்கு 82. எண்ணைத் திருப்பிப் போட்டால் போதும். (துல்லியமாக 60.8, 82.4. சரி, பரவாயில்லை.)

கேள்வி: உலக வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டும் என்கிறார்கள். இணையத்தில் 1.5 செல்சியஸை மாற்றிப் பார்த்தேன், 34.7 ஃபாரன்ஹீட் என்று வருகிறது. இவ்வளவு ஏறினால் யார் பிழைப்பார்கள்? (ஒரு வாசகர்)

பதில்: உங்கள் மேல் குற்றமில்லை. நீங்கள் கேட்டது ஒன்று, இணையம் பதில் சொன்னது வேறு. '1.5 டிகிரி குளிரில் நிற்கிறேன்' என்பது ஒரு இடம். '1.5 டிகிரி ஏறியது' என்பது ஒரு தூரம். இடத்தை மாற்றும்போது பூஜ்யமும் நகர வேண்டும், படியின் அளவும் மாற வேண்டும். தூரத்துக்குப் பூஜ்யம் எங்கே இருந்தால் என்ன? படி அளவு மட்டும் மாறினால் போதும். அதாவது 1.8ஆல் பெருக்க வேண்டும், 32ஐத் தொடவே கூடாது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் உள்ள 1.5 டிகிரி 2.7 ஃபாரன்ஹீட் ஆகும். அதே ஒப்பந்தத்தின் 2 டிகிரி 3.6 ஆகும்.

இதை நான் இவ்வளவு சுலபமாகச் சொல்வதற்குக் காரணம் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டதுதான். ஒரு குளிர்பதன அறையைச் சோதித்து அறிக்கை தர வேண்டியிருந்தது. அறை 5 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், கூடக் குறைய 2 டிகிரி போகலாம். வாடிக்கையாளர் ஃபாரன்ஹீட்டிலும் ஒரு பிரதி கேட்டார். அட்டவணையில் சூத்திரத்தை மேலிருந்து கீழே இழுத்துவிட்டேன். 5 ஒழுங்காக 41 ஆயிற்று. அதற்கு அடுத்த கட்டத்தில் இருந்த 2, 35.6 ஆயிற்று. கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அங்கிருந்து ஒரு இளம்பெண் பொறியாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், உங்க அறிக்கைப்படி எங்க அறை 5.4 ஃபாரன்ஹீட் வரைக்கும் இறங்கலாம், 76.6 வரைக்கும் ஏறலாம். எல்லாம் கல்லா உறைஞ்சு போனாலும் பாஸ், ஃபேன் போட்டு உட்கார்ற அளவுக்குச் சூடானாலும் பாஸ். அப்படித்தானே?" குரலில் சிரிப்பே இல்லை. அதுதான் அதிகம் சுட்டது. 3.6 என்று திருத்தி அனுப்பினேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள் வரை, கூடக்குறைய என்ற குறியைப் பார்த்தால் என் கை தானாக நின்றுவிடும்.

கேள்வி: தம்பி, எங்கள் வீட்டுப் பழைய பாதரசத் தெர்மாமீட்டரில் 98.4இல் அம்புக்குறி இருக்கிறது. இப்போது எல்லோரும் 98.6 என்கிறார்கள். எனக்கு 80 வயதாகிறது, என் உடம்பு 97.5ஐத் தாண்டுவதே இல்லை. யார் சொல்வது சரி? (ஒரு பெரியவர்)

பதில்: ஐயா, மூன்றும் சரிதான். 98.6 என்ற அந்தத் தசமப் புள்ளிதான் ஆளை ஏமாற்றுகிறது.

கார்ல் வுண்டர்லிக் என்ற ஜெர்மானிய மருத்துவர், சுமார் 25,000 நோயாளிகளின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, 1868இல் ஒரு நூல் வெளியிட்டார். உடல் வெப்பம் சராசரியாக 37 செல்சியஸ் என்றார். 37 ஒரு முழு எண். 'ஏறக்குறைய' என்ற சொல் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியதும் 98.6 ஆயிற்று. பத்தில் ஆறு பங்கு வரை துல்லியமாக அளந்த மாதிரி ஒரு தோரணை வந்துவிட்டது. மாற்றும் கணக்கு புதிதாக எந்தத் துல்லியத்தையும் கொண்டு வராது. ஆனால் கொண்டு வந்த மாதிரி நடிக்கும். 1992இல் அமெரிக்காவில் மறுபடி அளந்து பார்த்தபோது சராசரி 98.2 என்று வந்தது. உடம்பு காலையில் ஒன்று காட்டும், மாலையில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். வாய்க்கும் அக்குளுக்குமே வித்தியாசம் உண்டு. வயதானவர்களுக்குப் பொதுவாகச் சற்றுக் குறைவாகவே இருக்கும். உங்கள் வழக்கமான எண் எதுவோ அதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தப் பாதரசத் தெர்மாமீட்டரைப் பத்திரமாக வையுங்கள் ஐயா. உடைந்தால் குழந்தைகளை வெள்ளி உருண்டைகளைத் தொட விடாதீர்கள்.

கேள்வி: சென்டிகிரேடும் செல்சியஸும் வேறு வேறா? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்)

பதில்: ஒன்றுதான். 1948இல் அதிகாரபூர்வமாகச் செல்சியஸ் என்று பெயர் மாற்றினார்கள். தேர்வில் கேட்கத் தகுந்த இன்னொரு விஷயம்: ஸ்வீடன் நாட்டு ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742இல் முன்வைத்த அளவுகோல் தலைகீழானது. தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100. அங்கே குளிர்காலம் நீளம் அல்லவா, கழித்தல் குறி போடும் வேலை மிச்சம் என்று நினைத்தாரோ என்னவோ. இது என் ஊகம். 1744இல் அவர் காலமானார். சில வருடங்களுக்குள் அதைத் திருப்பி நிறுத்திவிட்டார்கள். இன்று நாம் அவர் பெயரால் அழைப்பது அவர் பார்க்காத அளவுகோல்.

கேள்வி: செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்ற நான் எழுதிய கணினி நிரல் 37ஐக் கொடுத்தால் 69 என்கிறது. சூத்திரம் சரியாகத்தான் இருக்கிறது! (மாணவி)

பதில்: 9/5 என்று முழு எண்களாக எழுதியிருப்பீர்கள். சில கணினி மொழிகளில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமத்தை வெட்டி எறிந்துவிடும், 1.8க்குப் பதில் 1. அப்புறம் 37உம் 32உம் சேர்ந்து 69. 9.0 என்று எழுதிப் பாருங்கள்.

கேள்வி: எல்.இ.டி. பல்பு அட்டையில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கிறது. கெல்வினும் வெப்பம்தானே? தொட்டால் லேசாகத்தான் சுடுகிறது. அதைவிட வேடிக்கை, 'வார்ம்' என்று போட்ட பல்பில் எண் குறைவு, 'கூல்' என்று போட்டதில் எண் அதிகம்! (இல்லத்தரசி)

பதில்: வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. இரும்பைக் காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் மங்கிய சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளையை நெருங்கும் நிறம். உருகாமல் தாங்குகிற ஒரு பொருளை மேலும் மேலும் சூடாக்க முடிந்தால் வெள்ளையில் நீலம் தட்டும். அட்டையில் இருப்பது பல்பின் சூடு இல்லை. 'எவ்வளவு சூடாக்கினால் ஒரு பொருள் இந்த நிறத்தில் ஒளிருமோ' அந்த எண். மஞ்சள் வெளிச்சத்துக்கு 2700 போதும், நீலம் தட்டிய வெள்ளைக்கு 6500 வேண்டும். 'வார்ம்', 'கூல்' என்பதெல்லாம் நம் கண்ணுக்கும் மனசுக்கும் படுகிற உணர்ச்சி. இயற்பியல் அதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. பழைய குண்டு பல்பில் மட்டும் இரண்டும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை நிஜமாகவே சுமார் 2700 கெல்வின் சூட்டில்தான் எரியும்.

கெல்வினைச் செல்சியஸாக்க 273.15 கழித்தால் போதும். படி அளவு ஒன்றே. 2700 கெல்வின் என்பது ஏறக்குறைய 2427 செல்சியஸ். வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1848இல் இந்த யோசனையை முன்வைத்தார். இதன் பூஜ்யம் யாருடைய இஷ்டமும் இல்லை. அதற்குக் கீழே குளிர் என்பதே கிடையாது. மேலே மாணவருக்குச் சொன்ன 'பூஜ்யம் தன்னிஷ்டம்' என்ற விதிக்கு இது விலக்கு. ஃபாரன்ஹீட் படியை வைத்துக்கொண்டு பூஜ்யத்தை மட்டும் இந்த அடிமட்டத்துக்கு இறக்கினால் அது ரேங்கின் அளவு, ஃபாரன்ஹீட்டோடு 459.67 கூட்ட வேண்டும். சில பொறியாளர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்படாது.

கேள்வி: நேற்று 10 டிகிரி செல்சியஸ், இன்று 20. இரண்டு மடங்கு வெப்பம் என்று சொல்லலாமா? (பள்ளி மாணவன்)

பதில்: கூடாது. அதே இரண்டு நாளை ஃபாரன்ஹீட்டில் சொன்னால் 50, 68. இரண்டு மடங்கு எங்கே போயிற்று? மடங்கு சொல்ல வேண்டுமானால் கெல்வினுக்குப் போ: 283.15, 293.15. மூன்றரை சதவீதம்தான் கூடியிருக்கிறது.

கேள்வி: என்னிடம் உள்ள தெர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? (பலர்)

பதில்: முனை நீண்ட, 0 வரை காட்டுகிற தெர்மாமீட்டராக இருந்தால் முடியும். காய்ச்சல் பார்ப்பதை இதில் நுழைக்காதீர்கள். அது பெரும்பாலும் 32 செல்சியஸுக்குக் கீழே எதையும் காட்டாது.

ஒரு வாய் அகன்ற டம்ளரை விளிம்பு வரை நொறுக்கிய ஐஸால் நிரப்புங்கள். கட்டியாகப் போடக்கூடாது, கடுகு அளவுக்கு இல்லாவிட்டாலும் கடலை அளவுக்காவது நொறுங்கியிருக்க வேண்டும். இடுக்குகளில் மட்டும் நிற்கும்படி குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். ஐஸ் மிதக்கிறது என்றால் தண்ணீர் அதிகம், கொஞ்சம் இறுத்துவிடுங்கள். புதிதாகச் சேர்ந்த பையன்கள் எல்லோரும் செய்கிற தப்பு இதுதான். மேலே ஐஸ் மிதக்கும், கீழே தண்ணீர் 3, 4 டிகிரியில் சொகுசாக உட்கார்ந்திருக்கும், அவர்கள் கருவியைக் குறை சொல்வார்கள். ஒரு கலக்குக் கலக்கிவிட்டு முனையை நடுவில் இறக்குங்கள். அடியிலும் சுவரிலும் படக்கூடாது. மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். செல்சியஸில் 0, ஃபாரன்ஹீட்டில் 32 காட்ட வேண்டும்.

0.4 என்று காட்டினால் தூக்கி எறிய வேண்டாம். '0க்கு அருகில் 0.4 கழி' என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதன் உறையிலேயே ஒட்டிவிடுங்கள். எந்த அளவுகோல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 0.4 ஒரு தூரம், 32ஐத் தொடக்கூடாது. நினைவிருக்கிறதல்லவா?